வீணை வகுப்புக்கு நோட்டீஸ்: மூன்று வடிவங்களில் நான் எடுத்தது எது, ஏன்?

விஜயதசமிக்கு முன்னால் நோட்டீஸ் அடிக்காத இசை ஆசிரியர்கள் திருச்சியில் குறைவு. புதுப் பிள்ளைகள் அதிகமாகச் சேர்வது அந்த நாளில்தான். நான் உறையூரில் வீட்டு மாடியில் வீணை சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வருடம் எனக்கு நோட்டீஸ் வடிவமைத்து அச்சடித்துக் கொடுத்த கடையைப் பற்றியும், அவர்கள் காட்டிய மூன்று வடிவங்களில் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பாட்டு, வயலின், மிருதங்கம், கீபோர்டு என்று எது சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் பயன்படும்.

கடை சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு சந்துக்குள் முதல் மாடியில் இருக்கிறது. கணவனும் மனைவியும் மட்டும் நடத்துகிறார்கள். அச்சு, கட்டிங், பைண்டிங் எல்லாம் கணவர். வடிவமைப்பு முழுக்க அந்தப் பெண். தீபாவளி வரைக்கும் கை நிறைய வேலை இருப்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் போடவில்லை.

எனக்கு முதலில் பிடித்த விஷயம், போய் உட்கார்ந்ததும் அந்தப் பெண் கம்ப்யூட்டர் பக்கமே திரும்பவில்லை. ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "டீச்சர், நோட்டீஸைப் பார்த்துட்டு ஃபோன் பண்றவங்க முதல்ல என்ன கேக்குறாங்க?" என்றார்.

யோசிக்கவே வேண்டியதில்லை. "வீணை நாங்க வாங்கணுமா?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. தஞ்சாவூருக்குப் போய் நல்ல வீணை வாங்குவதென்றால் இருபதாயிரத்துக்குக் கீழே பேச்சு இல்லை. ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை என்றால் அதற்கும் மேலே எவ்வளவோ. நான்கடி நீளம், நல்ல கனம், ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வர முடியாது. பிள்ளைக்குப் பிடிக்குமா என்றே தெரியாத நிலையில் அவ்வளவு பணத்தை யார் போடுவார்கள்? என் வகுப்பில் நான்கு வீணைகள் இருக்கின்றன. முதல் வருடம் பிள்ளைகள் இங்கேயே வந்து வாசித்துச் சாதகம் (பயிற்சி) பண்ணலாம், வகுப்பு இல்லாத நேரத்திலும் வரலாம். அதை நான் ஃபோனில் சொன்னதும் எதிர்முனையில் குரல் மாறும்.

"அப்போ வீணை வாங்கணுமேன்னு பயந்து ஃபோனே பண்ணாதவங்களுக்கு அதை யார் சொல்றது?" என்று கேட்டார். நோட்டில் அதை மட்டும் பெரிதாக எழுதி வட்டம் போட்டார். என்னைப் பொறுத்தவரை அவர் வாங்கிய வடிவமைப்புக் கூலி அந்த ஒரு கேள்விக்கே தகும்.

அப்புறம் வயது, நாள், நேரம், இடம், கட்டணம், நான் யாரிடம் கற்றேன், தேர்வுக்குத் தயார் செய்கிறேனா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து மூன்று வடிவங்களைக் காட்டினார். திரையில் மட்டும் காட்டவில்லை, ஒவ்வொன்றையும் உண்மையான அளவில், அதாவது ஏ5 தாளில், டிஜிட்டல் பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்தார். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் இதைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை நாம் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எல்லாம் தெளிவாக இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். தாளை விரித்துப் பெரிதாக்க முடியாது.

முதல் வடிவம் சரஸ்வதி. அரக்கு நிறப் பின்னணி, பொன்னிற ஓரம், நடுவில் ரவி வர்மா பாணியில் தேவி. ரவி வர்மா 1906-இல் காலமானவர் என்பதால் அவர் வரைந்த படங்களை எடுத்தாள்வதில் காப்புரிமைச் சிக்கல் இல்லை என்பதையும் சொன்னார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. விஜயதசமிக்கு இதைவிடப் பொருத்தம் எது என்று என் வீட்டில் எல்லாரும் இதைத்தான் கைகாட்டினார்கள்.

நான் வேண்டாம் என்று சொன்னதற்கு இரண்டு காரணங்கள். நோட்டீஸ் என்பது செய்தித்தாளுக்குள் வந்து தரையில் விழும், பேருந்து நிறுத்தத்தில் காலடியில் கிடக்கும். தேவியின் படம் மிதிபடுவதைப் பார்க்க எனக்கு மனம் இல்லை. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். என்னிடம் கிறிஸ்தவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் படிக்கிறார்கள், நன்றாக வாசிக்கிறார்கள். திருச்சி அப்படிப்பட்ட ஊர். தேவியின் படத்தை முழுப் பக்கத்துக்கும் போட்டால் அந்த வீட்டுப் பெற்றோர் இது நமக்கில்லை என்று தாளை மடித்து வைத்துவிட வாய்ப்பு இருக்கிறது. வகுப்பறையில் சரஸ்வதி படத்துக்கு விளக்கேற்றித்தான் ஆரம்பிக்கிறேன். ஆனால் நோட்டீஸ் என்பது தெருவில் எல்லாருக்கும் கொடுக்கும் அழைப்பு.

இன்னொன்றும் உண்டு. விஜயதசமி சமயத்தில் வரும் பத்து நோட்டீஸ்களில் பெரும்பாலானவை இதே அரக்கு, இதே பொன், இதே படம். பாட்டு வகுப்பா, பரதமா, அபாகஸா என்று கிட்டே போய்ப் படித்தால்தான் தெரியும்.

இரண்டாவது வடிவம் கறுப்புப் பின்னணியில் ஊதா ஒளி, "உங்களுக்குள் இருக்கும் கலைஞரை வெளிக்கொணருங்கள்" என்று பெரிய வெள்ளை எழுத்து, ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பது போல ஒரு படம். வாடிக்கையாளர்கள் பலர் இந்த மாதிரிதான் கேட்கிறார்கள் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று செய்து காட்டுவாராம். செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படம் என்று அவரே முதலில் சொல்லிவிட்டார்.

படத்தை உற்றுப் பார்த்தேன். பெண்ணின் முகம் அப்படியே உயிரோடு இருந்தது. வாத்தியம்தான் வீணையாகவும் இல்லை, சிதாராகவும் இல்லை. நாம் வாசிக்கும் சரஸ்வதி வீணைக்கு 24 மெட்டு, அதாவது தந்தியை விரலால் அழுத்தும் குறுக்குப் பட்டைகள், மெழுகில் பதித்து நேராக நிற்கும். சிதாரில் மெட்டு வளைந்து இருக்கும், நகர்த்தலாம். படத்தில் இருந்ததோ பாதி வளைவு, பாதி நேர், எண்ணினால் 24-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. தந்திகள் ஏழு இருக்க வேண்டும், நான்கு வாசிக்க, மூன்று தாளத்துக்கு. இதில் ஐந்தாகக் கிளம்பிப் பாதி வழியில் காணாமல் போயின. யாளி முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூ. இணையத்தில் கிடைக்கும் படங்களிலும் இதே தொல்லைதான். வீணை என்று தேடினால் சிதார் வரும், மிருதங்கம் என்று தேடினால் தபேலாவும் டோலக்கும் வரும், கர்னாடக வயலினுக்கு மேற்கத்திய முறையில் நின்றுகொண்டு தாடையில் வைத்து வாசிக்கும் படம் வரும். நம்முடைய முறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது காலில் ஊன்றி வாசிப்போம். பெற்றோருக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போகலாம். தெரிந்த ஒருவர் பார்த்து, வீணைக்கும் சிதாருக்கும் வித்தியாசம் தெரியாதவரா சொல்லிக்கொடுக்கப் போகிறார் என்று நினைத்தால் அந்தப் பேச்சு ஒரு தெரு முழுக்கப் போகும்.

அச்சுக்கும் இந்த வடிவம் ஒத்துவராது என்று தாளை வைத்தே காட்டினார். ஃபோன் திரையில் ஊதா ஜொலிக்கும், ஏனென்றால் அங்கே வெளிச்சமே நிறமாக வருகிறது. அச்சில் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையில் அந்த ஊதாவைக் கொண்டுவர முடியாது, மங்கிய கத்தரிப்பூ நிறமாகத்தான் வரும். கறுப்பு மைக்கு நடுவில் வெள்ளையாக விட்ட சின்ன எழுத்துகள் இன்னும் மோசம். சுற்றிலும் உள்ள மை உள்ளே பரவி எழுத்தின் சுழிகளை அடைத்துவிடுகிறது. தமிழில் இந்தப் பிரச்சினை அதிகம். ண, ணை, ஞ, இ போன்ற எழுத்துகளில் எத்தனை சுழி இருக்கிறது பாருங்கள். "வீணை" என்ற சொல்லிலேயே ணை அடைபட்டு ஒரு கறுப்புத் திட்டாக நின்றது. மெய்யெழுத்தின் புள்ளிகள் பாதி காணோம். "சேர்க்கை நடைபெறுகிறது" என்ற வரியை என் கணவர் கண்ணாடி போட்டுக்கொண்டும் இரண்டு முறை படித்தார்.

மூன்றாவதைத்தான் எடுத்தேன். மேல் பாதியில் ஒரு புகைப்படம், கீழ்ப் பாதியில் எழுத்து. படத்துக்காகக் கடைக்காரர் என் வீட்டுக்கே வந்து, காலை பத்து மணி வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, மாணவி ஒருத்தியின் கைகளை மட்டும் எடுத்தார். முகம் இல்லை. அவளுடைய அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் அதையும் எடுத்தோம். ஒன்பது வயதுப் பிள்ளையின் விரல் மெட்டில் அழுந்தி நிற்பது தெரிகிறது. அந்தச் சின்ன விரலைப் பார்த்தவுடனேயே இது குழந்தைகள் கற்கக்கூடிய வாத்தியம் என்பது புரிந்துவிடுகிறது, எழுத வேண்டியதே இல்லை.

படத்தின் கீழே இரண்டு வரி.

"வீணை கற்றுக்கொள்ளலாம்.
முதல் வருடம் வீணை வாங்க வேண்டாம்."

இதற்கு மேல் தலைப்பு எதுவும் கிடையாது. என் பெயர்கூட அதற்குக் கீழேதான். அதன் பிறகு எட்டு வயது முதல், சனி ஞாயிறு காலை, புதன் மாலை, உறையூர் நாச்சியார் கோயில் அருகில், மாதம் 1,200 ரூபாய், ஃபோன் எண். என் தகுதிகள் கடைசியில் ஒரே வரி. இசைப் பட்டம், வானொலியில் பி கிரேடு, அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டுக்கும் பயிற்சி.

கட்டணத்தைப் போடலாமா கூடாதா என்று எங்களுக்குள் நல்ல வாக்குவாதம் நடந்தது. நேரில் வந்தால் பேசிக்கொள்ளலாம் என்பது பொதுவான வழக்கம். நான் போட வேண்டும் என்று நின்றேன். தொகையைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறவர் மனதில் ஏற்கெனவே சம்மதித்துவிட்டார். சம்மதிக்க முடியாதவர் ஃபோனில் தயங்கித் தயங்கிக் கேட்டுச் சங்கடப்பட வேண்டியதில்லை. இதில் என் கருத்து மாறாது.

"மூன்று மாதத்தில் மேடை ஏறலாம்" என்பது போன்ற வரி எதுவும் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முன்பே, அப்படி எழுதுவதில்லை என்று அவர் சொன்னார். மகிழ்ச்சியாக இருந்தது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, ஏழு தாளத்திலும் அலங்காரம், இந்த ஆரம்பப் பயிற்சிகளெல்லாம் மூன்று காலத்தில் (வேகத்தில்) கையில் படிந்து கீதம் என்ற எளிய பாட்டுக்கு வரவே நல்ல பிள்ளைக்கும் ஒரு வருடம் பிடிக்கும். விளம்பரத் தரத்தைக் கவனிக்க 1985-இல் ஏற்பட்ட இந்திய விளம்பரத் தர மன்றம்கூட, கல்வி விளம்பரங்களில் ஆதாரம் காட்ட முடியாத உறுதிமொழி கூடாது என்கிறது. பெரிய வித்வான்களின் படத்தையும் அவர் போடுவதில்லை. எம்.எஸ். அம்மாவின் படத்தைப் போட்டு அவர் ஆசியோடு நடக்கும் வகுப்பு போலக் காட்டும் நோட்டீஸ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கும் அது பிடிக்காது.

ஒரே ஒரு இடத்தில் நான் குறுக்கிட வேண்டியிருந்தது. படத்தை இடவலமாகத் திருப்பினால் பக்கம் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று திருப்பி வைத்திருந்தார். வீணையில் வலது கை மீட்டும், இடது கை மெட்டில் ஓடும். வீணையின் உருண்டையான குடம், வாசிப்பவருக்கு வலது பக்கம், எதிரே இருந்து பார்ப்பவருக்கு இடது பக்கம் இருக்கும். திருப்பினால் பிள்ளை இடது கையால் மீட்டுவது போல ஆகிவிடும். மிருதங்கத்தில் இதைச் செய்தால் வலது முகமான வலந்தலையும் இடது முகமான தொப்பியும் இடம் மாறிவிடும், கறுப்புச் சாதம் (பூச்சு) இருக்கும் பக்கத்தை இடது கை வாசிக்கும். சொன்னதும் உடனே பழையபடி மாற்றி, எழுத்தைக் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்தார். இந்த ஒன்றை மட்டும் எல்லா ஆசிரியர்களும் புரூஃப் பார்க்கும்போது கவனிக்க வேண்டும். வடிவமைப்பவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை, நமக்குத்தான் தெரியும்.

எழுத்துரு விஷயத்தில் அவர் நல்ல கைகாரி. தலைப்பு வரிக்கு முக்த மலர், கீழே விவரத்துக்கு அதையே மெலிதாக. இரண்டும் இலவசமாகக் கிடைப்பவைதான். அலங்கார எழுத்துரு ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. யூனிகோடில் தட்டியதைப் பழைய மென்பொருளில் கொண்டுபோய் ஒட்டினால் கொம்பும் ஐகாரக் குறியும் எழுத்தைத் தாண்டிப் பின்னால் போய் நிற்கும் தொல்லை பலருக்கும் தெரிந்திருக்கும். அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்தையெல்லாம் கர்வ், அதாவது வெறும் கோட்டு வடிவம், ஆக்கி, பிடிஎஃப் எடுத்து, "இனி எந்த மெஷின்ல திறந்தாலும் எழுத்து உடையாது டீச்சர்" என்று காட்டினார். சின்ன எழுத்துகளைக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் வைத்ததும் நல்ல முடிவு. நான்கு மையில் சின்ன எழுத்தை அடித்தால் ஒன்றன் மேல் ஒன்று மயிரிழை விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

தாள் 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, நேச்சுரல் ஷேட். புத்தகங்களுக்குப் போடுவார்களே, அந்த இளமஞ்சள் தாள். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் படம் இன்னும் துல்லியமாக வந்திருக்கும், அது உண்மை. ஆனால் ஆர்ட் பேப்பரில் பேனா சரியாக எழுதாது. நோட்டீஸ் வாங்கும் அம்மாக்கள் அதிலேயே பிள்ளையின் டியூஷன் நேரத்தைக் குறித்துப் பார்த்து, எந்த நாள் ஒத்துவரும் என்று யோசிப்பார்கள். அதற்காகவே கீழே ஒரு விரற்கடை இடத்தைக் காலியாக விடச் சொன்னேன்.

கியூஆர் குறியீடு மூலையில் இரண்டரை சென்டிமீட்டர் அளவில் இருக்கிறது, சுற்றிலும் வெற்றிடம் விட்டு, கறுப்பில். ஸ்கேன் செய்தால் நேராக வாட்ஸ்அப் திறக்கும். இலவசம் என்று சொல்லும் சில தளங்களில் செய்த குறியீடு அந்தத் தளத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும், சோதனைக் காலம் முடிந்ததும் வேலை செய்யாது. ஆயிரம் தாள் அடித்த பிறகு அப்படி ஆனால் என்ன செய்வது? இவர் முகவரியையே நேரடியாகக் குறியீட்டுக்குள் வைத்துக் கொடுத்தார். அச்சான தாளை என் சாதாரண ஃபோனில் நானே ஸ்கேன் செய்து பார்த்த பிறகுதான் பணம் வாங்கினார்.

தெரு முனையில் கட்ட ஒரு ஃபிளெக்ஸும் போடலாமா என்று என் மருமகன் கேட்டதற்கு, அனுமதி வாங்கி வந்தால் மட்டும் அடித்துத் தருவேன் என்றார் கடைக்காரர். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டிய பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் சிக்கி இறந்ததை மறக்க முடியுமா என்று கேட்டார். அதற்குப் பதிலாக அதே வடிவத்தை ஏ4 அளவில் கொஞ்சம் அடித்துக் கொடுத்தார். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகை, ஸ்டேஷனரி கடை, தையல் கடை என்று கேட்டுக் கேட்டு ஒட்டினோம்.

குறைகளும் இருக்கின்றன. சொன்ன தேதிக்குத் தரவில்லை. நான் தினமும் ஃபோன் செய்ய வேண்டியிருந்தது, மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை எடுக்கவே மாட்டார்கள். ஒரு கட்டுத் தாளில் கட்டிங் கோணலாக விழுந்து ஒரு ஓரம் குறுகியிருந்தது. கொண்டுபோய்க் காட்டியதும் முகம் கோணாமல் மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும் அனுப்பும் முன்பே பார்த்திருக்கலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு நெடுக்காக ஒரு வடிவம் கேட்டேன், அதற்குத் தனியாகக் காசு வாங்கினார்கள். அதில் ஏ5 வடிவத்தையே நீட்டி வைத்தது போல இருந்தது, மனம் வைத்துச் செய்யவில்லை. வடிவமைப்புக்கு 1,500, இரண்டு திருத்தம் வரை அதிலேயே அடக்கம். அச்சுக்கு ஆயிரம் பிரதிக்கு 2,200. செயலிகளில் நாமே செய்துகொண்டு அச்சுக்கு மட்டும் கொடுத்தால் வடிவமைப்புக் கூலி மிச்சமாகும். என் சிநேகிதி ஒருத்தி கீபோர்டு வகுப்புக்கு கான்வா செயலியில் தானே செய்தாள், நன்றாகவே வந்திருக்கிறது. கீபோர்டுக்குச் சரியான படங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன, டிரினிட்டி கிரேடு (லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வு) என்ற ஒரு வார்த்தையிலேயே பெற்றோருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடுகிறது. வீணைக்கு அந்த வசதி இல்லை.

பலன் என்ன என்று கேட்பீர்கள். செய்தித்தாளில் வைத்து அனுப்பிய அன்றே ஃபோன் வரத் தொடங்கியது. எனக்குப் பெரிதாகப் பட்டது கூப்பிட்டவர்கள் கேட்ட கேள்வி. வீணை வாங்கணுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. "சனிக்கிழமை எத்தனை மணிக்கு?", "அம்மாவும் சேர்ந்து கத்துக்கலாமா?", "வகுப்பில்லாத நாள்லயும் வந்து வாசிக்கலாமா?" என்றுதான் கேட்டார்கள். அம்மாவும் மகளுமாகச் சேர்ந்தவர்களே உண்டு. நான்கு வீணை போதாமல் தஞ்சாவூரில் பழைய வீணை ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். லிஃப்ட் பக்கம் ஒட்டிய ஏ4 தாளைப் பார்த்து வந்தவர்கள் செய்தித்தாள் நோட்டீஸைப் பார்த்து வந்தவர்களைவிட அதிகம். அடுத்த வருடம் ஏ5-ஐக் குறைத்து ஏ4-ஐக் கூட்டப் போகிறேன்.

இந்த மாதிரிக் கடைக்குப் போவதென்றால் ஆவணிக்குள் போய்விடுங்கள். புரட்டாசி பிறந்தால் தீபாவளி வேலையில் மூழ்கிவிடுவார்கள், கேள்வி கேட்க யாருக்கும் நேரம் இருக்காது. போகும்போது உங்கள் வாத்தியத்தைப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த நாலைந்து படங்களைக் கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். பெற்றோர் உங்களிடம் ஃபோனில் கேட்கும் முதல் மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.